வட்டத்துக்கு வெளியே ஒரு பங்களா

ஓய்வுபெற்றவளை அவள் வேலை பார்த்த கந்தோரிலிருந்து தொலைபேசியில் அழைப்பதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. யாராவது காலமாகியிருக்க வேண்டும், அல்லது உயர்கல்வியில் ஏதாவது மறுசீரமைப்பு வந்திருக்க வேண்டும். போன மாதம் பர்ஸானா எடுத்தபோது அவள் குரல் இறங்கியிருந்ததால் நான் முதலாவது என்றே நினைத்து, யார் என்று கேட்டேன்.

“யாரும் மௌத்தாகல்ல மிஸ். புது சிஸ்டம் வந்தீக்கி,” என்றாள்.

பர்ஸானா என் கதிரையில் இப்போது இருப்பவள். கடுகண்ணாவைப் பக்கம் உள்ள ஓர் அரச உயர்கல்வி நிறுவனத்தின் விடுதிப் பிரிவில் என் உத்தியோகக் காலம் முழுவதையும் கழித்தேன். பெயரைச் சொன்னால் அங்கே இன்னும் வேலை செய்கிறவர்கள் மனம் நோவார்கள், ஆகையால் விடுகிறேன். எந்தப் பிள்ளைக்கு விடுதியில் கட்டில் கொடுப்பது, எந்தப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பது என்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. கட்டில்கள் குறைவு என்பதால் இரண்டாவது வேலையைத்தான் அதிகம் செய்தோம்.

இதை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகச் சொல்கிறேன் என்று வெளியிலிருப்பவர்கள் கேட்கலாம். நம் நாட்டில் கல்வி இலவசம். அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். ஆனால் அந்த இலவசம் விரிவுரை மண்டபத்தின் கதவிலிருந்து உள்ளேதான் ஆரம்பிக்கிறது. கதவுவரை வந்து சேர்வது பிள்ளையின் சொந்தப் பொறுப்பு. விடுதி கிடைத்தால் பெயருக்கு ஒரு தொகை கட்டினால் போதும். கிடைக்காவிட்டால் நிறுவனத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் போடிங் எடுக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், கோயிலுக்கும் பௌத்தப் பன்சலைக்கும் தவறாமல் போகிறவர்கள், பிள்ளை சட்டைக்கு இஸ்திரிக்கை போட்டால் அதற்கு மின்சாரக் காசு தனியாக வாங்குவார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது. கட்டில் இல்லையென்றால் படிப்பு இல்லை, அவ்வளவுதான்.

பர்ஸானா கேட்ட கேள்வி சின்னது. புதிய கணினி முறை பிள்ளையின் வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தூரத்தைத் தானே அளந்து தானே முடிவெடுக்கிறதாம். “ஒங்கட காலத்துல தூரத்த எங்கேந்து மிஸ் அளந்தீங்க?” என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்வதென்றால் சிவபாதம் சேரிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் வேலையில் சேர்ந்தபோது பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தைக் காட்டினார்கள், கோப்புக்கு நாடா கட்டுவது எப்படி என்று காட்டினார்கள், தேநீர் எந்த நேரத்தில் வரும் என்று காட்டினார்கள். மீதியை மறுசீரமைப்புகள் கற்றுத் தந்தன. அமைச்சர் மாறும்போதெல்லாம் ஒன்று வரும். உயர்கல்வியை ஏழைகளுக்கும் எட்டும்படி செய்வது எப்படி என்று ஒருமுறை ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றில் கருத்தரங்கு வைத்தார்கள். எங்கள் எல்லோருக்கும் தோல் போன்ற ஏதோ ஒன்றில் செய்த கைப்பை, அதற்குள் ஒரு பேனை, ஒரு தண்ணீர்ப் போத்தல். செலவைக் குறைப்பது பற்றிப் பேசிய பேராசிரியருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றையும் பரிசாகக் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டில் மூன்று வகை இறைச்சி இருந்தது. என் பக்கத்தில் இருந்த காசாளர், இந்தச் சாப்பாட்டுச் செலவில் விடுதியில் இன்னொரு மாடி எழுப்பலாம் என்று காதோடு சொல்லிவிட்டு, புடிங்கை இரண்டாம் தடவை எடுக்க எழுந்துபோனார். நானும் அவருக்குப் பின்னால் போனேன், மறைக்கவில்லை.

சிவபாதம் சேர் அந்தக் கருத்தரங்குகளில் சாப்பிட மாட்டார். வீட்டிலிருந்து இடியப்பம் கொண்டுவருவார். அவர் எங்கள் உதவிப் பதிவாளர், வடக்கிலிருந்து இடமாற்றத்தில் வந்து திரும்பிப் போகாமலே இருந்துவிட்டவர். கதிரையில் அமர்வதற்கு முன் கைக்குட்டையால் துடைப்பார், எழுந்த பிறகும் ஒருமுறை துடைப்பார். யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். “பாப்பம்” என்பார். அவரிடம் பாப்பம் என்ற சொல்லுக்குப் பல சுருதிகள் உண்டு. பழகிய எங்களுக்கு மட்டும் எது நடக்கும் பாப்பம், எது நடக்காத பாப்பம் என்று தெரியும். எந்த விஷயமும் உரிய வழியால் வர வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒருமுறை கந்தோருக்குள் பாம்பு வந்தபோதும், யார் முதலில் கண்டது, பிரிவுத் தலைவருக்கு அறிவித்தாரா என்றுதான் கேட்டார்.

தூரத்தைக் கணிக்கும் முறையை உருவாக்கியவர் அவர்தான். அலுமாரியின் உள்கதவில் கண்டி மாவட்ட வரைபடம் ஒன்றை ஒட்டி, நிறுவனம் இருக்கும் இடத்தில் கவராயத்தின் ஊசியைக் குத்தி, சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்கு வெளியே வீடு என்றால் விடுதி. உள்ளே என்றால் இல்லை. மலை, ஆறு, பஸ் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் கணக்கில் வராது. கேட்டால், “தங்கச்சி, வட்டத்துக்கு முகம் பாக்கத் தெரியாது, அதுதான் நீதி,” என்பார்.

அந்த நீதி கொஞ்ச காலம் வட்டமாகவே இருந்தது. பிறகு மேலிடத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. வத்தேகமவில் செல்வாக்குள்ள ஒருவரின் மகனுக்கு விடுதி தேவை, வீடோ வட்டத்துக்குள் அரை விரல் அளவு வந்துவிட்டது. சேர் அன்று பின்னேரம்வரை அலுமாரிப் பக்கம் போகவில்லை. பிறகு அழிறப்பரை எடுத்து, அந்த இடத்தில் கோட்டை அழித்து, வீட்டுக்கு வெளியிடம் கிடைக்கும்படி உள்பக்கமாக நெளித்து, மிக அழகாகத் திரும்ப வரைந்தார். விதியை மீறவே கூடாது என்பதால் விதியையே கொஞ்சம் நகர்த்திவிட்டார். அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்கடி வந்தது. சில வருடங்களில் வட்டம் அடிவாங்கிய அலுமினியச் சட்டி போல ஆங்காங்கே நசுங்கிப்போய் இருந்தது. ஆனாலும் பென்சில் கோடு ஒரே தடிப்பு, ஓர் இடத்திலும் பிசிறு கிடையாது.

இந்தச் சட்டிக்குள் அகப்பட்டவள்தான் தர்ஷினி.

கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் மேல் டிவிசன் பிள்ளை. உணவுத் தொழில்நுட்பப் படிப்புக்குத் தெரிவானவள். அந்த டிவிசனிலிருந்து எங்கள் நிறுவனத்துக்கு வந்த முதல் ஆள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து இறங்கி ரோட்டுக்கு வர வேண்டும், கலஹாவில் பஸ் பிடித்துப் பேராதனைக்கு வர வேண்டும், அங்கே இறங்கி இன்னொரு பஸ்ஸில் தொங்க வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் காலை ஆய்வுகூட வகுப்பு பாதி முடிந்த பிறகுதான் வந்து சேர முடியும். பாதியில் வந்தால் வராத கணக்குத்தான். வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வரைபடத்தில் மட்டும் கலஹா வட்டத்துக்குள்ளே, எங்களுக்குக் கிட்ட இருந்தது. காகமாகப் பிறந்திருந்தால் பிரச்சினையே இல்லை.

விடுதி மறுக்கப்பட்டதும் மேன்முறையீடு செய்தாள். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தோம். விண்ணப்பதாரி காலை எட்டு மணிக்கு விசாரணைக்கு நேரில் வர வேண்டும், பிந்தி வருபவர்களின் மேன்முறையீடு தள்ளுபடி. சரியாக எட்டு மணிக்கு அவளும் அப்பா பெருமாளும் வாசலில் நின்றார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. இவர்கள் நேரத்துக்கு வந்துவிட்டார்களே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

சேர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார். எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். ஏழரைக்கே வந்துவிட்டோம் என்று பெருமாள் பெருமையாகச் சொன்னார்.

“அப்ப நேரத்துக்கு வரக்கூடியதாத்தானே இருக்கு,” என்றார் சேர். “இனிப் பிரச்சினை என்ன?”

பெருமாள் மகளைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்விக்குப் பதில் தயார்செய்துகொண்டு எவரும் வீட்டிலிருந்து புறப்படுவதில்லை. சேர் தன் அழகான கையெழுத்தில், உரிய நேரத்துக்குச் சமுகமளித்திருப்பதால் விண்ணப்பதாரிக்குத் தூரம் ஒரு தடையல்ல என்று எழுதி ஒப்பமிட்டார். பிந்தி வந்திருந்தால் தள்ளுபடி. நேரத்துக்கு வந்ததாலும் தள்ளுபடி. இதைவிடப் பூரணமான ஒரு விசாரணை முறையை என் சேவைக்காலத்தில் நான் காணவில்லை.

வெளியே வந்த பிறகு பெருமாள் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

“நேத்தே வந்துட்டோங்கம்மா,” என்றார். “கண்டி கோயில் மடத்துலதான் படுத்துக் கெடந்தோம். புள்ள அங்கேயே குளிச்சு, சட்டைய மாத்திக்கிச்சு. லேட்டானா தள்ளிருவாங்கன்னு கடுதாசில போட்டிருந்திச்சுங்களே.”

உள்ளே ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஐயா சந்தோசமா கேட்டாரு. கோயில்ல படுத்தோம்னு எப்படிங்க சொல்றது,” என்றார். தர்ஷினி திறந்திருந்த அலுமாரிக் கதவில் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போனதும் நான் எழுந்தேன். சேரிடம் போய் மடத்து விஷயத்தைச் சொன்னேன். விசாரணை முடிந்த பிறகு வரும் தகவல் உரிய வழியால் வந்த தகவல் அல்ல என்றார். சொன்ன குரலில் அவருக்கே அவ்வளவு பிடிமானம் இருக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து, எழும்பாமலே கதிரையின் கையைத் துடைத்தார்.

அவள் தினமும் வந்து போனாள். காலையில் பாதி வகுப்பு, மாலையில் கடைசி பஸ். மாதம் போகப் போக ஆய்வுகூடப் பிரிவிலிருந்து வரவு பற்றி எச்சரிக்கை வந்தது. அடுத்த எச்சரிக்கையோடு பரீட்சை போய்விடும், பரீட்சை போனால் படிப்பும் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் மேலிடத்துத் தொலைபேசி மறுபடி ஒலித்தது. இந்தத் தடவை கலஹாப் பக்கம். அங்கே ஒரு தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையின் மகள் எங்களிடம் சேர்ந்திருந்தாள், அவளுக்கு விடுதி வேண்டும். துரையின் பங்களா வட்டத்தின் விளிம்போடு ஒட்டினாற்போல் உள்ளே இருந்தது. சேர் பெருமூச்சு விட்டு, பென்சிலைச் சீவி, கோட்டை நெளித்தார். நான் பக்கத்தில் நின்று வரைபடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பங்களாவைச் சுற்றி மட்டும் கோடு ஒரு சின்னக் குழியாக வளைந்தது. பங்களா வெளியே. பூந்தோட்டம் வெளியே. கார் நிறுத்தும் இடமும் வெளியே. லயங்கள் மட்டும் முன்பு போலவே உள்ளே. இவ்வளவு சின்ன அளவில் இப்படி வரைய வேண்டுமென்றால் கை நடுங்கக் கூடாது.

பங்களாப் பிள்ளையின் கோப்பைத் திறந்து விலாசத்தைப் பதிவு செய்தபோது எனக்கு ஏதோ தட்டுப்பட்டது. இந்த விலாசத்தை நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

தோட்டத்தில் லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. இது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும், கண்டி டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கும் கொஞ்சம் தெரியும். யார் பெயருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத் துரையின் பொறுப்பில், தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும். அங்கிருந்து கணக்கப்பிள்ளை கைக்குப் போய், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், ஞாபகம் இருந்தால். தர்ஷினிக்கு நாங்கள் அனுப்பிய கடிதங்களெல்லாம் அப்படித்தான் போயின. துரையின் மகளுக்கும் அதே துரை, அதே தோட்டம், அதே தபால் நிலையம். ஓர் எழுத்துக்கூட வித்தியாசமில்லை.

இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டு போய் சேரின் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்தேன். அவர் இடியப்பப் பெட்டியை மூடிவிட்டுக் கண்ணாடியைப் போட்டார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார்.

“இது ஆற்ற விலாசம்?”

“ரெண்டு பேரோடதும்தான் சேர். வட்டத்துக்கு வெளியில இருக்கிற விலாசம்.”

“பங்களா வேற, லயம் வேற.”

“வட்டம் முகம் பாக்காதுன்னு நீங்கதானே சேர் சொன்னீங்க. கோப்புல பங்களான்னும் இல்ல, லயம்னும் இல்ல. விலாசம் ஒண்ணுதான்.”

அவர் இரண்டு விலாசத்தையும் எழுத்தெழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே தேநீர்க்காரன் வந்து, அறைக்குள் பார்த்துவிட்டு, கோப்பையை வைக்காமலே திரும்பிப் போனான்.

“தங்கச்சி,” என்றார் கடைசியில், “நான் வளைச்சது ஒரு வீட்டுக்கு. நீங்கள் ஒரு தோட்டத்தையே வெளியில கொண்டு போறியள். இது உரிய வழியால வந்ததோ?”

“பங்களா வழியா வந்தது சேர். அதைவிட உரிய வழி ஏது?”

சிவபாதம் சேர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான், அதுவும் பாதிச் சிரிப்பு. “ஓம். விலாசம் ஒண்டுதான்,” என்று சொல்லி, தர்ஷினியின் கோப்பில் ஒப்பமிட்டார். பிறகு கதிரையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

துரையின் மகளுக்கு விடுதிக் குளியலறை பிடிக்கவில்லை. சில கிழமைகளிலேயே கண்டியில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்காகத் தோண்டிய குழி மட்டும் வரைபடத்தில் அப்படியே இருந்தது. தர்ஷினி படித்து முடித்தாள், இப்போது ஒரு தொழிற்சாலையில் தர மேற்பார்வையில் நல்ல வேலை. தீபாவளிக்கு மறக்காமல் அழைப்பாள். அவளுக்குப் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து வந்த ஒவ்வொரு பிள்ளையும் துரையின் விலாசத்தில் விடுதிக்குள் நுழைந்தது. ஏழைகளுக்கு உயர்கல்வியை எட்டச் செய்ய எத்தனையோ திட்டங்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் பித்தளை விளக்கு ஏற்றினார்கள். எனக்குத் தெரிந்து கலஹாவுக்கு மேலே எட்டிய திட்டம் அந்தப் பென்சில் நெளிவு ஒன்றுதான்.

இதையெல்லாம் தொலைபேசியிலேயே பர்ஸானாவுக்குச் சொல்லி முடித்தேன்.

“இப்ப அந்த வளைவெல்லாம் இல்ல மிஸ்,” என்றாள். “வட்டம் நல்ல வட்டமா ஈக்கி. மனிசத் தலையீடு இல்லாத முறையாம். டிரெக்டர் சேர் பேப்பருக்கும் பேட்டி குடுத்தாரு.”

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். அதே மேல் டிவிசனிலிருந்து இந்த வருடம் சுகன்யா என்று ஒரு பிள்ளை. கணினியின் வரைபடத்துக்குத் துரை பங்களாவைத் தெரியும். அது இப்போது வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல், படங்களோடும் நட்சத்திரங்களோடும் இருக்கிறது. லயங்களைத் தெரியாது. விலாசத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளை கலஹா தபால் நிலையத்தில் குடியிருப்பதாக முடிவுசெய்து மறுத்துவிட்டது. மேன்முறையீடு இருக்கிறது, ஆனால் காலை எட்டு மணிக்கு நேரில் வர வேண்டும். வராவிட்டால் கணினி தானாகவே தள்ளுபடி செய்துவிடும். எவ்வளவோ மாற்றியவர்கள் இந்த எட்டு மணியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். முதல் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டேன். அதையும் எவரும் மறுசீரமைக்கவில்லை.

பிள்ளையின் அப்பா முந்தின நாளே கண்டிக்கு வந்து தங்குவதாகச் சொல்கிறாராம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வர வேண்டாம், காலையில் முதல் பஸ்ஸில் வந்தால் போதும் என்று சொல்லச் சொன்னேன்.

“அப்ப தள்ளுபடியாகிப் போயிருமே மிஸ்,” என்றாள். அவளுடைய பயம் நியாயமானது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அடுத்தவர் பிள்ளையின் படிப்பை வைத்து நான் வீம்பு பிடிக்கிறேனா என்று அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் அந்தத் தகப்பனோடு நானே பேசினேன், தவறினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். விண்ணப்பதாரியோடு பாதுகாவலர் ஒருவரும் வரலாம் என்று விதியில் இருந்தது. முதல் பஸ்ஸிலேயே வருகிறோம் என்று சொல்லி, பாதுகாவலராக என் பெயரைப் போடச் சொன்னார்.

விசாரணை அறையில் குளிரூட்டி இருந்தது. டிரெக்டர் இளம் வயதுக்காரர், நல்லவராகத்தான் தெரிந்தார். எழுந்து எனக்குக் கதிரை கொடுத்தார். பழைய அலுமாரியைக் காணவில்லை. பர்ஸானா மடிக்கணினிக்கு முன்னால் இருந்தாள். எட்டு மணிக்குச் சுகன்யாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். என் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. சமுகமளிக்கவில்லை என்று பதியும்படி டிரெக்டர் சொன்னார்.

நான் எழுந்தேன். சிங்களத்தில்தான் சொன்னேன், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“பஸ் இன்னும் வரல சேர். அந்தப் பிள்ளையோட மேன்முறையீடே அதுதான். அது வர்ற வரைக்கும் நீங்க எல்லாரும் இங்க இருந்து பாக்கணும்.”

யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. டிரெக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், காலிக் கதிரையைப் பார்த்தார், பிறகு தன் பேனையின் மூடியைப் போட்டார். பர்ஸானா விசையின் மேல் வைத்திருந்த விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நிறுவனத்தின் பெரிய உத்தியோகத்தர்கள் எல்லோரும் முதல்முறையாகக் கலஹா பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள்.